கெமரா எங்கே நிற்கிறது? கண்டியைப் படம்பிடித்தவர்கள் கற்றுத்தரும் பாடம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடம் எடுத்தேன். அன்றைய தலைப்பு கெமராக் காட்சிகள், கோணங்கள், அசைவுகள். புத்தகத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் மூன்று குழுவாகப் பிரித்து, என்னுடைய போனை மாறி மாறிக் கொடுத்து, "இடைவேளையில் முற்றத்தில் எதையாவது ஒரு நிமிடம் எடுத்து வாருங்கள்" என்றேன். தற்செயலாக மூன்று குழுவும் ஒரே பையனைத்தான் எடுத்து வந்திருந்தன.

முதல் குழு அவனுக்கு மிகக் கிட்டப் போயிருந்தது. திரையில் அவனுடைய முகமும் மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் மட்டும்தான். தலையைக் குனிந்தபடி தனியாக இருக்கிறான். வகுப்பே அமைதியாகிவிட்டது. "பாவம் சேர், அவனோட யாரும் இல்ல" என்றாள் ஒரு பிள்ளை. இரண்டாவது குழு மேல்மாடியிலிருந்து எடுத்திருந்தது. பெரிய முற்றத்தில் அவன் ஓர் எறும்பு மாதிரித் தெரிந்தான். மூன்றாவது குழு சற்றுத் தள்ளி, அவன் இருந்த உயரத்துக்குக் குனிந்து எடுத்திருந்தது. அதில்தான் பக்கத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருக்கும் அவனுடைய மூன்று கூட்டாளிகள் தெரிந்தார்கள். அவன் அவர்களுடைய சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் காவல் இருந்திருக்கிறான்! வகுப்பிலேயே உட்கார்ந்திருந்த அவனும் சிரித்துவிட்டான்.

மூன்று வீடியோவிலும் பொய் எதுவும் இல்லை. ஒருவரும் எடிட் பண்ணவும் இல்லை. ஆனால் முதல் வீடியோவை மட்டும் பார்த்திருந்தால், அந்தப் பையனைப் பற்றி நாங்கள் எல்லோரும் ஒரு பிழையான கதையை நம்பியிருப்போம்.

அன்று பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் இந்தப் பாடத்துக்கு ஹொலிவூட்டிலிருந்து உதாரணம் தேடத் தேவையில்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் பட்டது. எங்கள் கண்டியையும் சுற்றுப்புறத்தையும் நூற்றைம்பது வருடமாக யார் யாரோ படம்பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தூரக் காட்சி, அண்மைக் காட்சி, பான், கோணம் எல்லாவற்றுக்கும் உதாரணம் எங்கள் மலைகளிலேயே இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். "கெமரா" என்பது அறபுச் சொல்லிலிருந்து வந்தது என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். அது சரியல்ல. பஸராவில் பிறந்த இப்னு அல்ஹைதம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியல் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார் என்பதும், இருட்டறைக்குள் சிறு துளை வழியாக வரும் ஒளியை வைத்து அவர் ஆய்வுகள் செய்தார் என்பதும் உண்மை. அது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் "கெமரா" இலத்தீன் சொல், அதன் பொருள் அறை. இருட்டறைக்கு ஐரோப்பியர் இலத்தீனில் வைத்த பெயரின் முதல் பாதிதான் இன்றைக்கு எஞ்சியிருக்கிறது. அதே சொல் ஐரோப்பியர் வழியாக எங்கள் நாட்டுக்கும் வந்தது. சிங்களத்தில் அறைக்குக் "காமரய" என்கிறார்கள். தோட்டத்து லயங்களில் ஒவ்வொரு குடும்பமும் இருக்கும் அறையைக் "காம்பரா" என்கிறார்கள். கெமராவும் காம்பராவும் ஒரே வேர். உண்மையான பெருமை இருக்கும்போது இல்லாத பெருமையை ஏன் பரப்ப வேண்டும்?

சினிமா வருவதற்கு முன்பே மலைநாட்டுக்குப் புகைப்படம் வந்துவிட்டது. 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவன் என்ற ஆங்கிலேயர் கண்டியில் ஸ்டூடியோ நடத்தினார். அந்தக் காலத்துப் படக்காரர்கள் எடுத்தவற்றில் பெரும்பாலானவை மலை, ஏரி, மாளிகை, தோட்டம் என்று தூர நின்று எடுத்த காட்சிகள். ஆனால் அதே காலத்தில் வேறொருவரும் இங்கே வந்தார். அவர் ஜூலியா மார்கிரட் கெமரோன். பெயரே கெமரா மாதிரி இருந்தாலும் அது தற்செயல்.

அவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கெமராவால்தான் படம் எடுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் ஆளை முழுதாக நிற்கவைத்து எடுத்த காலத்தில் இவர் முகத்துக்குக் கிட்டப் போனார். படம் தெளிவில்லாமல் மங்கலாக இருக்கிறது என்று பலர் குறை சொன்னார்கள். ஆனால் குளோஸ்-அப் என்று இன்று எல்லோரும் சொல்லும் அண்மைக் காட்சிக்கு அவர் ஒரு முன்னோடி. டார்வினின் முகத்தையும் கவிஞர் டெனிசனின் முகத்தையும் இன்று நாம் நினைவில் வைத்திருப்பதற்கு அவர் எடுத்த படங்களும் ஒரு காரணம். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர், 1879இல் திக்கோயாவில் உள்ள ஒரு தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இங்குள்ள ஏழைத் தொழிலாளர்கள், பெண்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். முகங்களை அவர் மரியாதையோடுதான் எடுத்திருக்கிறார். ஆனால் டார்வினுடைய படத்தின் கீழே டார்வின் என்று பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. முகம் இருக்கிறது, ஆள் யார் என்று தெரியாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸில் லூமியே சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். அந்த முதல் படங்களில் கெமரா ஓரிடத்தில் நின்றபடிதான் இருக்கும். ஆட்கள் வந்து போவார்கள், கெமரா அசையாது. அடுத்த வருடம் அவர்களுடைய படப்பிடிப்பாளர் அலெக்சாந்தர் புரோமியோ வெனிஸ் நகரத்தில் படகில் கெமராவை வைத்து எடுத்தார். கரையில் இருந்த கட்டடங்கள் அசைந்து போவது போலத் தெரிந்தது. கெமரா நகர்ந்துகொண்டே எடுப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இது. கெமரா நின்ற இடத்தில் நின்றபடி தலையை மட்டும் இடமிருந்து வலமாகத் திருப்பினால் அது பான். மேலும் கீழும் அசைத்தால் டில்ட். கெமராவே வண்டியிலோ தண்டவாளத்திலோ ஏறி இடம் மாறினால் அது ட்ராக்கிங். கண்ணாடி வில்லையை மாற்றித் தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுத்தால் ஸூம். நீங்கள் கண்டி ஏரிக்கரையில் நின்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது பான். கரையோரமாக நடந்துகொண்டே பார்ப்பது ட்ராக்கிங். பைனாகுலரில் பார்ப்பது ஸூம். இவ்வளவுதான்.

பான் எவ்வளவு அழகானது என்று பார்க்க வேண்டுமானால் 1934இல் எங்கள் நாட்டில் எடுத்த ஒரு படத்தைப் பாருங்கள். "சோங் ஒப் சிலோன்" என்ற ஆவணப்படம் அது. காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தயாரித்தவர் ஆவணப்படத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜோன் கிரியர்சன். இயக்கியதும் கெமரா பிடித்ததும் பேஸில் ரைட் என்ற இளைஞர். வர்ணனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, 1660இல் கண்டி அரசனால் பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது வருடம் இந்த மலைகளில் கைதியாக இருந்து தப்பிப்போன ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தை. அதை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்.

அந்தப் படத்தில் பாவாதமலைக்கு யாத்திரை போகும் காட்சி இருக்கிறது. மலையுச்சியில் மணி அடிக்கிறது. ஒரு பறவை எழுந்து பறக்கிறது. கெமரா அந்தப் பறவையோடு சேர்ந்து திரும்புகிறது. மணி ஓசைதான் பறவையாகி நாட்டின் மேலால் பறந்துபோவது போல இருக்கும். பான் என்பது சும்மா இடத்தைச் சுற்றிக் காட்டுவதற்கு மட்டுமல்ல, ஒரு விடயத்தை இன்னொரு விடயத்தோடு கட்டிப்போடுவதற்கும் உதவும் என்று அங்கே விளங்கும்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. தேயிலைக்கு விளம்பரம் செய்யத்தான் காசு கொடுத்தார்கள். ஆனால் ரைட் அதன் மூன்றாவது பகுதியில், இங்குள்ளவர்கள் உடல் வருந்தி உழைக்கும் காட்சிகளுக்கு மேலாக வியாபாரிகளின் விலைப் பேச்சையும் சந்தைக் குரல்களையும் ஓடவிட்டார். படத்தில் உழைப்பு, காதில் இலாபம். நாற்பது நிமிடம்கூட ஓடாத அந்தப் படம் 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. காசு கொடுப்பவர் ஒருவராக இருந்தாலும், கெமராவை எங்கே வைப்பது, எந்தச் சத்தத்தைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் இன்னொரு கதையும் சொல்லலாம்.

அடுத்தது தூரக் காட்சி. லோங் ஷொட் என்று சொல்வோம். ஆளும் சூழலும் சேர்ந்து தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியாது என்பதில்தான் எத்தனை வேலை நடக்கிறது பாருங்கள்.

1954இல் "எலிபன்ட் வோக்" என்ற ஹொலிவூட் படம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் நடக்கும் கதை. கதாநாயகியாக முதலில் ஒப்பந்தமானவர் விவியன் லீ. 1953இல் இலங்கைக்கு வந்து நடித்தார். ஆனால் இடையில் அவருடைய மனநலம் பாதிக்கப்பட்டதால் தொடர முடியவில்லை. அவருக்குப் பதிலாக எலிசபெத் டெய்லர் வந்தார். இலங்கையில் எடுத்த எல்லாவற்றையும் மீண்டும் எடுப்பது பெரிய செலவு. எனவே விவியன் லீயின் முகம் தெரியாத தூரக் காட்சிகள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கிட்டத்தில் பார்த்தால் டெய்லர், தூரத்தில் நடந்து போவது லீ. பார்ப்பவர்கள் ஒரே பெண் என்று நம்பினார்கள். இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை.

கித்துல்கல பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டேவிட் லீன் இயக்கிய "தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்" 1957இல் வெளிவந்தது. கதை நடப்பது தாய்லாந்தில், எடுத்தது களனி கங்கைக் கரையில். எங்கள் பேராதனைப் பூந்தோட்டத்திலும் சில காட்சிகள் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் உண்மையிலேயே பேராதனையில்தான் இருந்தது என்பது இதில் ஒரு சுவாரசியம்.

அந்தப் படத்துக்காக மரப்பாலத்தை உண்மையாகவே கட்டி, உண்மையான ரயிலை ஓடவிட்டு, உண்மையாகவே வெடிவைத்தார்கள். ஒரே ஒரு தடவைதான் உடைக்க முடியும் என்பதால் வெவ்வேறு இடங்களில் கெமராக்களை வைத்திருந்தார்கள். 1957 மார்ச் மாதம் பிரதமர் பண்டாரநாயக்க பார்வையாளராக வந்திருந்த நாளில், கெமராக்காரர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று உறுதியாகத் தெரியாததால் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ஆனால் ரயிலை நிறுத்த முடியவில்லை, அது பாலத்தைத் தாண்டிப் போய் மோதியது. ரயிலைத் திரும்பவும் சரிசெய்து அடுத்த நாள்தான் பாலத்தைத் தகர்த்தார்கள். எவ்வளவு பெரிய காட்சியாக இருந்தாலும் ஒரு மனித உயிருக்காக அதை நிறுத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு தடவை சொன்னேன். இன்று வீதி விபத்தில் விழுந்தவரைத் தூக்காமல் போனை நீட்டிக்கொண்டு நிற்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

வெளிநாட்டவர் இப்படி எங்கள் மலைகளைத் தேடி வந்த அதே காலத்தில் எங்கள் நாட்டுப் படங்கள் எங்கே எடுக்கப்பட்டன தெரியுமா? இலங்கையின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படும் "ராஜகீய விக்ரமய" 1925இல் ரி. ஏ. ஜே. நூர்பாய் என்பவரின் கம்பனி தயாரித்த பேசாப் படம். அதன் பிரதி தீயில் அழிந்துவிட்டது. முதல் சிங்களப் பேசும் படமான "கடவுனு பொறொந்துவ" 1947இல் வந்தது. தயாரித்தவர் தமிழரான எஸ். எம். நாயகம். எடுத்த இடம் தென்னிந்திய ஸ்டூடியோ. அதன் பிறகு வந்த படங்களும் பெரும்பாலும் அப்படித்தான். சிங்களக் கிராமம் என்று திரையில் தெரிந்தது, ஸ்டூடியோவுக்குள் பலகையிலும் துணியிலும் செய்த கிராமம்.

1956 டிசம்பர் 28ஆம் திகதி, லூமியே சகோதரர்கள் படம் காட்டிய அதே திகதியில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் "ரேகாவ" வெளிவந்தது. கெமரா வில்லியம் பிளேக், எடிட்டிங் டைட்டஸ் தொட்டவத்த. மூவரும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படம் எடுத்துப் பழகியவர்கள். கெமராவை ஸ்டூடியோவை விட்டு வெளியே தூக்கிக்கொண்டு போய், உண்மையான வெயிலில், உண்மையான கிராமத்தில், உண்மையான முகங்களை எடுத்தார்கள். அடுத்த வருடம் கான் திரைப்பட விழாவின் போட்டிக்கும் அது போனது. பின்னர் 1972இல் லெஸ்டரின் "நிதானய" வந்தபோது அதன் கெமராவைப் பிடித்தவர் எம். எஸ். ஆனந்தன். இலங்கைச் சினிமாவின் கதையைத் திறந்து பார்த்தால் எல்லாச் சமூகத்தவரின் கையும் அதில் இருக்கும். யாரும் யாரையும் தள்ளிவிட்டு எழுத முடியாத கதை அது.

இனி எங்கள் ஊருக்கு மிகக் கிட்டப் போவோம். 1983 ஏப்ரலில் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கும் ஹரிசன் போர்டும் கண்டிக்கு வந்தார்கள். படம் "இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒப் டூம்". இந்தியாவில் எடுக்கத்தான் நினைத்தார்கள், கதையில் மாற்றம் கேட்டு அங்கே அனுமதி சிக்கலானதால் இங்கே வந்தார்கள். ஹந்தானைத் தோட்டத்தில் இந்தியக் கிராமத்தை அமைத்தார்கள். வெள்ளைக்காரர்களின் வாகனங்கள் வரிசையாகப் போனதை வாப்பா இன்றும் சொல்வார்.

அந்தப் படத்தில் கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் எங்கள் நாட்டு நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கெமராவுக்கு அப்பால் நின்று ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அதைக் கேட்டு அவர் திருப்பிச் சொன்னார். அண்மைக் காட்சியில் அந்த முகத்தைப் பாருங்கள், துயரத்தோடு பேசும் ஒரு கிழவர்தான் தெரிவார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார். கதையில் அது இந்தியக் கிராமம், கிராமத்தவர்கள் பேசுவது சிங்களம்.

கயிற்றுப் பாலக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் பாலத்தைக் கட்டியது விக்டோரியா அணைக்கட்டுப் பக்கத்தில். அணையைக் கட்டிக்கொண்டிருந்த பிரித்தானியப் பொறியியலாளர்கள்தான் பாலத்துக்கும் உதவினார்கள். அதையும் ஒரே தடவையில், பல கெமராக்களால் எடுத்தார்கள். கீழே விழுபவர்கள் கை கால் ஆட்டும்படி இயந்திரம் பொருத்திய பொம்மைகள். கிட்டத்தில் தெரியும் சண்டை இலண்டன் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்தது. ஆற்றில் வாயைத் திறக்கும் முதலைகள் அமெரிக்காவின் புளோரிடாவில் எடுத்தவை. மூன்று நாடுகளில் எடுத்த துண்டுகள் ஒட்டப்பட்டு ஓர் ஆறாக, ஒரு பாலமாக, ஒரு நிமிடமாக எங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

துண்டுகளை ஒட்டினால் புதுப் பொருள் வரும் என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டினார். ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரே முகத்தை, சூப் கோப்பைக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார். பார்த்தவர்களுக்கு ஓரிடத்தில் பசியும் இன்னோரிடத்தில் சோகமும் தெரிந்தன. முகம் ஒன்றுதான். மாறியது பக்கத்தில் வைத்த துண்டு.

அந்தக் கயிற்றுப் பாலத்தைப் படம்பிடித்த கெமராவைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அதே காலத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போகக் காத்திருந்தது. வயல், கடைத்தெரு, எல்லாம் போயின. உலகம் முழுக்க ஓடிய அந்தப் படத்தின் சட்டகத்துக்குள் அது ஒன்றும் இல்லை. ஸ்பீல்பேர்க்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் எடுத்தது வேறு கதை. ஆனால் ஒவ்வொரு சட்டகமும் ஒன்றைக் காட்டும்போது இன்னொன்றை வெளியே விட்டுவிடுகிறது, காட்டுவதை விட விட்டுவிடுவது சிலசமயம் பெரிது.

தெல்தெனிய என்றதும், திகன என்றதும் உங்கள் மனதுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் எடுத்த வீடியோ நாடெங்கும் சுற்றியது. சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை போட்டதாகக் கடைக்காரர் ஒப்புக்கொள்வது போல இருந்தது. வீடியோவில் தெரிந்தது அவருடைய பதறிய முகம். அவருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. சுற்றி நின்று மிரட்டியவர்கள் சட்டகத்துக்குள் சரியாகத் தெரியவில்லை. சாப்பாட்டில் இருந்தது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த அண்மைக் காட்சி எல்லா அறிக்கைகளுக்கும் முன்னால் ஓடிவிட்டது.

சில நாட்களில் தெல்தெனியவில் தாக்கப்பட்டிருந்த ஒரு சிங்களச் சகோதரர் இறந்துபோனார். அது மிகப் பெரிய அநியாயம், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதும் ஒரு பக்கத்தை வெட்டிய படம்தான். மார்ச் 5ஆம் திகதி திகனவில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் எங்கள் இளைஞர் ஒருவரும் மௌத்தானார். அடுத்த நாள் அவசரகாலச் சட்டம் வந்தது. மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டு ஒரு கிழமைக்கு மேல் அப்படியே இருந்தன. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே தன் தளம் அந்த வன்செயல்களில் பயன்படுத்தப்பட்டதற்காக வருத்தம் தெரிவித்தது.

அந்த நாட்களில் இன்னொரு வகைக் கெமராவும் இருந்தது. கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் பொருத்தியிருந்த சிசிடிவி. அது எப்போதும் உயரத்தில், ஒரே இடத்தில், அகன்ற காட்சியாக எடுக்கும். எங்கள் பாடப்படி அது மேற்கோணம், ஆளைச் சிறிதாகக் காட்டும் கோணம். அதற்குப் பானும் இல்லை, ஸூமும் இல்லை, அழகும் இல்லை. ஆனால் யார் வந்தார்கள், யார் நின்றார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதற்குச் சாட்சியாக நின்றது பல இடங்களில் அதுதான். யாரும் ஒரு கதை சொல்வதற்காக அதைத் திருப்பாததால் அது எல்லாவற்றையும் எடுத்தது.

இதனால்தான் இந்தப் பாடத்தை வெறும் பரீட்சைப் பாடமாக என்னால் எடுக்க முடியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் இதைப் படித்தபோது நானும் வரைவிலக்கணங்களைப் பாடமாக்கி எழுதினேன். கீழிருந்து எடுத்தால் ஆள் பெரிதாக, அதிகாரமுள்ளவராகத் தெரிவார், மேலிருந்து எடுத்தால் சிறியவராக, பலவீனமாகத் தெரிவார், கண் மட்டத்தில் எடுத்தால் சமமாகத் தெரிவார் என்று எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அந்த மூன்று வரிக்குள் எவ்வளவு நியாயமும் அநியாயமும் இருக்கிறது என்று விளங்கியது பிறகுதான்.

அடுத்த பாடத்தில் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். உங்கள் போனுக்கு ஒரு வீடியோ வந்தால், பகிர்வதற்கு முன் நீங்களும் இவற்றைக் கேளுங்கள்.

கெமரா எங்கே நிற்கிறது, மேலேயா, கீழேயா, கிட்டவா, தூரமா?

சட்டகத்துக்கு வெளியே யார் இருக்கக்கூடும்?

இந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?

மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் பகிராதீர்கள். எங்களுக்குச் சாதகமான வீடியோவாக இருந்தாலும் பகிராதீர்கள். செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது மார்க்கம் எங்களுக்குச் சொன்னது. அது மற்றவர் அனுப்பும் செய்திக்கு மட்டுமல்ல, எங்கள் குழுமத்தில் வரும் செய்திக்கும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூலியா கெமரோன் எடுத்த முகங்களுக்குப் பெயர் இல்லை என்று சொன்னேன். எங்கள் வீட்டு அல்பங்களும் அப்படித்தான் இருக்கின்றன. பழைய கலியாணப் படங்கள், பாடசாலைக் குழுப் படங்கள், கடைத் திறப்பு விழாப் படங்கள். அவற்றில் நிற்பவர்கள் யார் என்று தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கிழமையே அல்பத்தை எடுத்து உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் சிங்கள, தமிழ் நண்பர்களின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போகுமுன் அங்கே எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். ஸ்கேன் பண்ணிவிட்டு, படத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக் காவலாளியின் மூன்று வீடியோவையும் என் போனிலிருந்து அழித்துவிட்டேன். அழிக்கும் முன் அவனிடம் காட்டினேன். "மூணாவது மட்டும் எனக்கு வேணும் சேர், அதுல எங்க கூட்டாளிமார் இருக்காங்க" என்றான். அவனுடைய வாப்பாவின் இலக்கத்தைக் கேட்டு அதை மட்டும் அனுப்பிவிட்டேன்.